எழுபது வளைவுகளும் ஒரு ஸ்டென்ட்டும்

கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏற விரும்புகிறவர்களுக்குக் காரவள்ளிதான் தொடக்கம். வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மலைப்பாதை. அங்கிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. ஏற்காட்டின் 20 வளைவுகளில் பழகிய சேலத்துக்காரர்களுக்கு இந்த எழுபதின் மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட்டைப் பொருத்திக்கொண்ட பிறகு இந்த மலையை நான் மறுபடி ஏறலாமா என்பதுதான் பல மாதங்களாக எங்கள் வீட்டில் நடந்த பெரிய விவாதம். இந்தத் தை மாதம் ஏறினேன்.

அதற்கு முன்பு என் ஆசை வேறாக இருந்தது. நெடுந்தூரச் சைக்கிள் பயணங்களில் 'பிரெவே' என்று ஒரு வகை உண்டு. பந்தயம் கிடையாது, குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. நான்கையும் ஒரே பருவத்தில் முடிப்பவரைச் 'சூப்பர் ராண்டனர்' என்பார்கள். முதல் இரண்டையும் முடித்துவிட்டு 400-க்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். சென்ற மாசியில் ஓர் இரவு, தூக்கத்தில் தாடையும் இடது தோளும் கனத்து, உடல் முழுக்க வியர்த்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரியும் வலியெல்லாம் இல்லை. வாயுவாக இருக்கும் என்று நான் சொல்லச் சொல்ல, மனைவி ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள். அவள் அன்று காலை வரை பொறுத்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

"தினமும் சைக்கிள் ஓட்டுகிறவருக்கா?" என்று பார்க்க வந்த எல்லோரும் கேட்டார்கள். உடற்பயிற்சி ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்கிவிடாது. என் அப்பா நெசவாளி. அம்மாப்பேட்டையில் நூல் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு காலமெல்லாம் மிதித்தவர். 54 வயதில் மாரடைப்பில் போனார். குடும்பத்தில் இது இருக்கிறது. அதனால்தான் நான் மீண்டும் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தபோது அம்மா, "ஏன் கண்ணு, உங்கள் அப்பாவைப் பறிகொடுத்தது போதாதா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சில வாரங்கள் சைக்கிளை உறை போட்டு மூடி வைத்தேன்.

சிகிச்சைக்குப் பின் மிதிப்பது எப்படி மாறுகிறது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும். என் நிலையில் இருக்கும் யாருக்காவது இது தேவைப்படலாம். முதலில் நடை. பிறகு வீட்டுக்குள் நிற்கும் சைக்கிள். எக்கோ, டிரெட்மில் பரிசோதனை இரண்டையும் பார்த்த பிறகுதான் மருத்துவர் சாலைக்கு அனுமதித்தார். எனக்குத் தரும் மாத்திரைகளில் ஒன்று மெட்டோப்ரோலால். இதயத்தின் வேகத்தை அது கட்டிவைக்கும். முன்பு ஏற்றத்தில் நிமிடத்துக்கு 165 என்று காட்டிய கைக்கடிகாரம், இப்போது அதே மூச்சிரைப்புக்கு 120-ஐத் தாண்டாது. எனவே பழைய கணக்கை வைத்துக்கொண்டு, "இன்னும் தெம்பு இருக்கிறது" என்று அழுத்தினால் ஏமாந்துபோவோம். மருத்துவர் கொடுத்த அளவுகோல் எளிமையானது: மிதித்துக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் சரி. நடுவில் மூச்சு வாங்கினால் இறங்கிவிட வேண்டும்.

இந்தப் பேச்சுச் சோதனையை என் மகள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் வருவது, ஐந்து வளைவுக்கு ஒரு முறை முன்னால் போய் நிற்பது, நான் நெருங்கியதும் கேள்வி கேட்பது: இதுதான் ஏற்பாடு. மனைவியின் நிபந்தனைகள் தனி. நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை அவள் கைப்பையில் இருக்கும். பனிக்காற்றில் கிளம்பக் கூடாது, வெயில் வந்த பிறகே தொடங்க வேண்டும். இறங்கும்போது சைக்கிளில் இறங்கவே கூடாது.

கடைசி நிபந்தனைதான் எனக்கு வலித்தது. இறக்கத்துக்காகவே மலை ஏறுகிறவன் நான். ஆனால் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஸ்டென்ட் அடைபடாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சாப்பிடுகிறேன். சிறு சிராய்ப்பில்கூட ரத்தம் நிற்க நேரமாகிறது. ஏறும்போது விழுந்தால் முழங்கால் தேயும். இறங்கும்போது விழுந்து தலையில் அடிபட்டால், ஹெல்மெட் போட்டிருந்தாலும் அது வேறு கதை. ராசிபுரத்தில் இருக்கும் மைத்துனர் 'குட்டியானை' என்கிற தன் சிறு சரக்கு வண்டியைச் சோளக்காட்டுக்குக் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்டார்.

சேலத்திலிருந்து ராசிபுரம், மளிகைச் சந்தைக்குப் பேர்போன பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி. எட்டு மணிக்கு மிதிக்கத் தொடங்கினேன். பின்சக்கரத்தின் பழைய பல்சக்கரத் தொகுப்பை மாற்றி 34 பல் வரை உள்ளதைப் போட்டிருந்தேன். முன்னாலும் 34 என்பதால் மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். அதுதான் அன்றைய உச்சம்.

இடப்பக்கம் திரும்பும் வளைவுகள்தான் கடினம். நம் பக்கம் உள்வளைவாக அமைந்துவிடுவதால் சாலை சட்டென்று செங்குத்தாகும். வலப்பக்கம் திரும்புபவற்றில் வெளிவட்டத்தில் சற்று இளைப்பாறலாம். முன்பெல்லாம் இருக்கையைவிட்டு எழுந்து நின்று இடப்பக்க வளைவுகளை மிதித்துத் தள்ளுவேன். இப்போது எதிரே வண்டி வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு கொஞ்சம் நடுவுக்கு விலகி, உட்கார்ந்தபடியே ஏறினேன். பேருந்துகளின் ஹாரன் இரண்டு வளைவுக்கு அப்பாலிருந்தே கேட்டுவிடுகிறது. கேட்டதும் ஓரமாக நின்றுவிடுவேன்.

பத்தாவது வளைவில் மகள் கேட்டாள்: "அப்பா, ஓரி ஓர் அம்பால் எதையெல்லாம் வீழ்த்தினான்?" இந்த மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிச் சிறுவயதில் அவளுக்கு நான் சொன்ன கதை அது. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முப்பதாவதில் வீட்டு வரி கட்டிவிட்டோமா என்று மனைவி கேட்டாள். அதற்கும் முழு வாக்கியத்தில் பதில் வந்தது. நாற்பத்தைந்தைத் தாண்டியதும் அதே ஓரி கேள்வி வந்தபோது, புலியோடு மூச்சு அறுந்தது. மகள் கையைக் காட்டினாள். இறங்கினேன். நிழலில் குடும்பமாக உட்கார்ந்தோம். அரை மணி நேரம் யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. குரங்குகள் எங்கள் பையையே பார்த்துக்கொண்டிருந்தன. மகள் என் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தை நம்பாமல், தானே நாடியை எண்ணினாள். ஆஞ்சியோகிராம் செய்யக் குழாயை நுழைத்ததும் அதே வலது மணிக்கட்டில்தான். மருத்துவமனையில் அந்தக் கட்டைப் பார்க்கவே பயந்து வெளியே நின்றவள் அவள்.

மீதி வளைவுகளை இரண்டிரண்டாகப் பிரித்து, நடுநடுவே நின்று ஏறினேன். எழுபதாவது பலகைக்குப் பின் காற்று மாறுகிறது. சோளக்காட்டுக் கடைகளில் அன்னாசியும் மிளகும் குவிந்திருந்தன. மலை வாழைப்பழம் வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம். செம்மேட்டில் ஓரியின் சிலையைப் பார்த்தோம், அறப்பளீஸ்வரரையும் கும்பிட்டோம். ஐயாறு என்னும் ஆறு 300 அடி உயரத்திலிருந்து விழும் ஆகாய கங்கை அருவிக்கு மனைவியும் மகளும் போகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் திரும்ப ஏறுவது எனக்குக் கூடாது, என்னை விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனமில்லை. போய்வாருங்கள் என்று நான் வற்புறுத்திப் பார்த்தேன், பலிக்கவில்லை.

மாலையில் மைத்துனர் வந்தார். "மாமா, சைக்கிளைப் படுக்க வைக்கலாமா, நிறுத்திக் கட்டலாமா?" என்று கேட்டு, வாழைத்தார்களுக்கு நடுவே நிறுத்திக் கட்டினார். மனைவியும் நானும் முன்னால் அவர் அருகில் நெருக்கி உட்கார்ந்தோம். மகளின் ஸ்கூட்டர் பின்னால் வந்தது. வளைவுகள் எழுபதிலிருந்து குறைந்துகொண்டே வந்தன. கை பிரேக்கைத் தேடியது என்றே சொல்ல வேண்டும். அவ்வளவு ஏக்கமாக இருந்தது.

மாசியில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரத்தத்தை இளக்கும் இரண்டு மாத்திரைகளில் ஒன்றை நிறுத்துவதா என்று அவர் அப்போதுதான் முடிவு செய்வார். நிறுத்திவிட்டால் ஏற்காட்டின் இருபது வளைவுகளையும் சைக்கிளிலேயே இறங்கட்டுமா என்று மனைவியிடம் கேட்டிருக்கிறேன். கடைசி ஐந்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறாள். நான் பத்து கேட்கிறேன். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.