குளிரில் திணறுகிறதா, சூடேறின பிறகு திணறுகிறதா?

பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டைச் சுற்றி 5 ஏக்கர், அதில் பாதி சரிவு. புல் வெட்டவும் பனி தள்ளவும் போன அக்டோபரில் ஒரு பழைய காம்பாக்ட் டிராக்டர் வாங்கினேன். 24 குதிரைத்திறன், முன்னால் லோடர், மீட்டரில் 1,840 மணி நேரம். ஹைட்ரோஸ்டேட்டிக் வண்டி, அதாவது ஓட்டும்போது கியர் மாற்றும் வேலை கிடையாது, பெடலை முன்பக்கம் மிதித்தால் முன்னே போகும், பின்பக்கம் மிதித்தால் பின்னே வரும்.

நவம்பர் கடைசியில் ஆரம்பித்தது தொல்லை. காலையில் ஸ்டார்ட் செய்து பெடலில் கால் வைத்தால் சீட்டுக்கு அடியிலிருந்து 'ஞொய்ங்' என்று ஒரு ஊளைச் சத்தம். வண்டி விட்டு விட்டு நகரும், கொட்டகை வாசலில் இருக்கும் சின்ன மேட்டைக்கூட ஏறாது. அப்பாவிடம் போனில் சொன்னேன். "கிளட்ச் தேஞ்சிருக்கும்ப்பா, பிரிச்சுப் பாரு" என்றார். ஊரில் எங்கள் வண்டிக்கு எப்போதும் அதுதான் முதல் சந்தேகம். ஆனால் இதில் இன்ஜின் ஒரு பிஸ்டன் பம்பைச் சுற்றுகிறது, பம்ப் தள்ளும் எண்ணெய் ஒரு மோட்டாரைச் சுற்றுகிறது, மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. நடுவில் கசிந்து குறையும் எண்ணெயை ஈடுகட்ட சார்ஜ் பம்ப் என்று சின்னதாக ஒன்று உண்டு. அதற்கு எண்ணெய் சரியாகக் கிடைக்காவிட்டால் மொத்த வண்டியும் சோர்ந்துவிடும்.

பார்க்க வந்த மெக்கானிக் ஐந்தே நிமிடத்தில் பம்ப் போச்சு என்றார். புது பம்பின் விலை நான் வண்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல். இரண்டு நாள் சரியாகத் தூக்கம் இல்லை.

மூன்றாம் நாள்தான் ஒன்று உறைத்தது. இருபது நிமிடம் ஓடிய பிறகு அதே வண்டி அதே மேட்டை ஏறுகிறது, சத்தமும் பாதியாகிறது. பம்ப் தேய்ந்திருந்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? எண்ணெய் சூடானால் இளகும், இளகினால் தேய்ந்த இடுக்கில் இன்னும் அதிகமாகக் கசியும், அதனால் காலையில் நன்றாக ஓடிவிட்டு முக்கால் மணி நேரம் கழித்துத்தான் படுக்கும். குளிரில் திணறி சூட்டில் தேறுகிறது என்றால் குளிரில் கெட்டியான எண்ணெய் பம்புக்குப் போய்ச் சேரவில்லை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். முன்னேயும் பின்னேயும் ஒரே மாதிரி பலம் குறைந்திருந்ததும் அதோடு பொருந்தியது. ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தப் பக்கத்து ரிலீஃப் வால்வைத்தான் (அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் வால்வு) பார்த்திருப்பேன்.

எண்ணெயை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் வாளியில் விழுந்தது எண்ணெய் மாதிரியே இல்லை, பால் அதிகமாக ஊற்றிய டீ நிறம். தண்ணீர் கலந்திருக்கிறது. லோ, ஹை என்று ரேஞ்ச் மாற்றும் கியர் லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, மழைத் தண்ணீர் நேராக உள்ளே இறங்கியிருக்கிறது. வண்டியில் ஃபில்டர் இரண்டு. பழைய சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை மட்டும் மாற்றி வந்திருக்கிறார். மற்றது வலது பின்சக்கரத்துக்குப் பின்னால், காய்ந்த புல்லும் கிரீஸும் ஒரு விரல் தடிமனுக்கு அப்பிக் கிடந்தது, பெயின்ட்கூட உரிந்திருந்தது. அதை வெட்டிப் பிரித்தேன். உள்ளே காகித மடிப்புகள் நைந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன, விரலால் தடவினால் சாம்பல் நிறக் களிம்பு. பிளக்கில் இருக்கும் காந்தத்தில் மெல்லிய இரும்புப் பொடி, அது சகஜம். நான் பயந்து தேடியது மஞ்சள் நிற மினுக்கை. பித்தளைத் துகள் காந்தத்தில் ஒட்டாது, அதனால் ஃபில்டர் மடிப்பை டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அது இருந்தால் பம்பின் உள்பாகம் அரைபடுகிறது என்று அர்த்தம். இல்லை!

ரப்பர் பூட்டையும் இரண்டு ஃபில்டரையும் மாற்றி, மேனுவலில் சொன்ன ஹைட்ராலிக் ஆயிலை ஊற்றினேன் (வீட்டில் இருக்கிறதே என்று இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள்). வண்டியைக் கொஞ்சம் ஓட்டிவிட்டு அளவு பார்த்தால் குறைந்திருந்தது, புது ஃபில்டர்கள் குடித்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். உள்ளே தங்கிய ஈரம் போக 10 மணி நேரம் ஓட்டிவிட்டு ஆயிலை இன்னொரு முறை மாற்றினேன். இந்த முறை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க வைத்துப் பார்த்தேன், அடியில் தண்ணீர் தங்கவில்லை. ஊளைச் சத்தம் போய்விட்டது.

அப்புறம், மேடு ஏறும்போது நான் செய்து வந்த தப்பு ஒன்று. இன்ஜின் திணறினால் பெடலை இன்னும் அழுத்துவேன், காரில் ஆக்சிலரேட்டர் மிதிக்கிற பழக்கம். இதில் அது நேர் எதிர். அழுத்த அழுத்த வேகம்தான் கூடும், இழுவை குறையும். லோ ரேஞ்சில் போட்டு, இன்ஜினை நல்ல வேகத்தில் வைத்து, பெடலைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி தானாக ஏறுகிறது. எச்எஸ்டி (ஹைட்ரோஸ்டேட்டிக் டிரான்ஸ்மிஷன்) வீக் என்று விற்பனைக்கு வரும் வண்டியைப் பார்க்கப் போனால் இதை முதலில் செய்து பாருங்கள். கசிவு தேடும்போது மட்டும் குழாயைக் கையால் தடவாதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஊசித் துளையில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், நேராக ஆஸ்பத்திரிதான்.

ஒன்று இன்னும் பாக்கி. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி மெல்ல முன்னால் ஊர்கிறது, நியூட்ரல் லிங்கேஜை (பெடலையும் பம்பையும் இணைக்கும் கம்பி அமைப்பு) அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். நாலு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தித்தான் அதைச் செய்யணும், சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் ஸ்டாண்ட் தருகிறேன் என்றிருக்கிறார்.