அவளுக்கு ஆறு மணிக்குள் ஒரு வேலை இருக்கிறது

ஒரு கதாபாத்திரத்தை வாசகர் நம்ப வேண்டுமானால், கதை தொடங்காமலே போயிருந்தாலும் அந்த ஆளுக்கு அன்றைக்குச் செய்ய ஏதோ ஒரு வேலை இருந்திருக்க வேண்டும். புனைவு எழுதுவதைப் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். பல கதைகளில் ஆட்கள் ஒரு சேதியைச் சொல்வதற்கென்றே வருகிறார்கள், சொன்னதும் போய்விடுகிறார்கள். வருவதற்கு முன் எங்கே இருந்தார்கள், எதைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள் என்று எழுதியவருக்கே தெரியாது. அது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையையே சொல்கிறேன். ஒரு தையல்காரப் பெண். அவளுடைய தம்பி கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்டு வருகிறான். போட அவளுக்கு மனமில்லை, முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. கதை இவ்வளவுதான். ஆனால் அவள் அன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் ஒரு உடையை முடித்துக் கொடுத்தாக வேண்டும். காஜா எடுத்தாகிவிட்டது, ஹெம்மிங் பாக்கி. தம்பி வருவது அந்த வேலைக்கு நடுவில். அவன் பேசும்போது அவள் கண் கடிகாரத்துக்குப் போகிறது, கை துணியை விடுவதில்லை. அந்த ஆறு மணி வந்த பிறகுதான் இந்தக் காட்சி நகரத் தொடங்கியது.

அடுத்தது, பார்வை. ஓர் அறைக்குள் நுழைந்ததும் மின்வேலை செய்பவர் சுவிட்ச் பலகையைப் பார்ப்பார், கடன்பட்டவர் அங்கே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார். என் தையல்காரி தம்பியின் முகத்துக்கு முன்னால் அவன் சட்டையைப் பார்க்கிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்று தனியாக ஒரு பத்தி எழுத வேண்டிய தேவை அத்தோடு போய்விட்டது.

“அக்கா, ஒரு கையெழுத்துதான்.”

“பட்டன் போயிருக்கே. கழட்டிக் குடு.”

“நான் கேட்டது காதுல விழுந்துச்சா?”

“காலரும் பிரிஞ்சிருக்குடா. இத போட்டுக்கிட்டா பேங்க்குக்குப் போன?”

அவள் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. நெருங்கியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். கேட்ட கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, தங்களுக்குத் தெரிந்த இடத்தில் போய் நின்றுகொள்கிறார்கள். கேள்வி, பதில், கேள்வி, பதில் என்று போகும் உரையாடலை நான் விசாரணைக் காட்சிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். அங்கேகூட ஒருவர் நழுவினால்தான் எனக்குத் திருப்தி.

கதாபாத்திரத்துக்குப் பிடித்த நிறம், பிறந்த மாதம், படித்த பள்ளி என்று நீளமாகப் பட்டியல் தயாரிக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதனால் பயன் இல்லை. அவளுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாடிக்கையாளர் கெடு கேட்டுக் கெஞ்சினால் அவள் என்ன செய்வாள் என்று தெரியும்.

உணர்ச்சியை எழுதும்போது நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உணர்ச்சி உடம்பில் வெளிப்படுவதைப் பேசும் பகுதி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள். பட்டியலோடு நிற்காமல் ஒவ்வொன்றும் பிறக்கும் இடமாக நான்கைச் சொல்கிறது அது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்துவது, இழப்பு, முன்பிருந்த நிலையிலிருந்து சரிவது, இல்லாமை. எழுதுகிறவருக்கு இதைவிட உதவியான குறிப்பு கிடைப்பது கடினம். ‘அவன் அழுதான்’ என்று எழுதும் முன் இந்த நான்கில் எது என்று கேட்டுப் பாருங்கள், உடம்பே மாறிவிடும். இழப்பில் அழுகிறவன் பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துக்கொள்ளக்கூடும். இளிவில் அழுகிறவனுக்கு யாரும் தன்னைப் பார்க்கக் கூடாது. என் தம்பிப் பாத்திரத்துக்கு இளிவு. அதனால் அவன் கண் கலங்கியதும் எழுந்து, அக்காவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் நூல்பெட்டியை மூடி மூடித் திறக்கிறான். குரலில் கோபம் வருகிறது.

தெரிந்தவர்களை அப்படியே கதைக்குள் கொண்டுவரலாமா என்பது இன்னொரு கேள்வி. ஒரு கையசைவையோ பேச்சுவழக்கையோ எடுத்துக்கொள்ளலாம். முழு ஆளைத் தூக்கிவந்தால் இரண்டு சிக்கல்கள். ஒன்று, அவருக்கு அது வலிக்கலாம், இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. இரண்டாவது, ‘இது உண்மையாகவே நடந்தது’ என்பது கதைக்குள் செல்லுபடியாகாது. நடக்கக்கூடியதாக இருந்தும் நம்ப முடியாத ஒன்றைவிட, நடக்க முடியாததாக இருந்தாலும் நம்பும்படியானதே மேல் என்று அரிஸ்டாட்டில் கவிதையியலில் சொல்லியிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அதில் மாற்ற ஒன்றும் இல்லை.

அப்புறம், எல்லோருக்கும் ஆழம் வேண்டியதில்லை. 1927-இல் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய உரைகளில் ஆங்கில நாவலாசிரியர் இ. எம். ஃபார்ஸ்டர் கதாபாத்திரங்களை ஒரே குணத்தில் அடங்கிவிடும் தட்டையானவர்கள், பல முகங்கள் கொண்ட உருண்டையானவர்கள் என்று பிரித்தார். தட்டையானவர்களை அவர் ஒதுக்கிவிடவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாவலுக்கு இரு வகையும் வேண்டும் என்பதுதான் அவர் நிலை. ஆறு மணிக்கு உடை வாங்க வரும் பெண்ணுக்கு என் கதையில் ஒரு அவசரம் மட்டும் உண்டு. வாசலிலேயே நின்று பேசுகிறாள். போதும்.

உருண்டையானவருக்கு ஃபார்ஸ்டர் வைத்த சோதனை, நம்பும்படியாக நம்மை வியக்க வைக்க முடிகிறதா என்பது. என் கதையின் சிரமமான இடம் இதுதான். எதையும் இரண்டு தடவை அளந்து பார்க்காமல் வெட்டாத அந்தப் பெண், கடைசியில் அந்தக் காகிதத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறாள். வியப்பு சரி. நம்புவதற்கு என்ன இருக்கிறது? யாராவது தலைகுனிந்து கேட்டால் அவளால் தாங்க முடியாது, அதைப் பார்க்காமல் இருப்பதற்காக எதையும் கொடுத்துவிடுவாள். இதை அவளே விளக்கினால் காட்சி கெட்டுவிடும். அதனால் முன்பே, இரண்டாம் பக்கத்தில், தையல் கூலியைத் தர முடியாமல் ஒருவர் தயங்கி நிற்கிறார். அவர் வாயைத் திறப்பதற்குள், “அடுத்த மாசம் பாத்துக்கலாம், போங்க” என்று துணியை அவர் கையில் திணித்து அனுப்பிவிடுகிறாள். இப்போதைக்கு அது நான்கே வரி. வாசகர் கவனிக்காமல் தாண்டிப்போக வேண்டும், கையெழுத்துப் போடும்போது நினைவுக்கு வரவும் வேண்டும். அதற்கு நான்கு போதுமா, ஐந்தாவது ஒன்று வேண்டுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.