பாடல் நின்றுபோன மாதங்கள்

மதுரையில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் 31 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றினேன். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் ஒரு தாத்தா எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம், வயிற்றிலேயே துடிப்பு நின்றுபோன பிள்ளையைப் பெற்றெடுத்தவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். இரண்டு படுக்கைகளுக்கும் ஒரே சிஸ்டர்தான். "சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்" என்று வேதாகமத்தில் பவுல் ரோமருக்கு எழுதியதை ஆலயத்தில் கேட்கும்போது, அவை வெவ்வேறு நாட்களுக்கான கட்டளைகள் என்றே தோன்றும். எங்களுக்கோ அவை பத்து நிமிட இடைவெளியில் வந்தன.

பணியில் சேர்ந்த ஆறாம் ஆண்டில் எனக்கே ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. பசுமலையில் என் பெற்றோர் வீட்டுக்கு வந்து துக்கம் விசாரித்தவர்கள் அனைவரும் நல்லவர்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று ஆறுதல் சொன்னார்கள். அது யோபு தன் பிள்ளைகளை இழந்தபோது தானே சொன்ன சொல். அடுத்தவர் எனக்காக அதைச் சொல்லியபோது என்னால் தாங்க முடியவில்லை. யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று வேதாகமத்தின் யோபு ஆகமம் 2ஆம் அதிகாரம் கூறுகிறது. அவர்கள் செய்ததில் மிகச் சிறந்தது அந்த ஏழு நாள் மௌனம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த மௌனத்தை எனக்குத் தந்தவர் எங்கள் வார்டின் மூத்த சிஸ்டர். நாங்கள் அவரை அக்கா என்றே அழைப்போம். ஒன்றரை மாதம் கழித்து நான் வேலைக்குத் திரும்பிய முதல் இரவில், அவர் என்னைப் பிரசவ அறைக்குள் அனுப்பவில்லை. "வாம்மா, காஸ் மடிக்கலாம்" என்றார். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கு அனுப்ப வேண்டிய டிரம்களை முன்னால் வைத்துக்கொண்டு, இரத்தம் ஒற்றும் அந்த மெல்லிய துணியை வெட்டி, மடித்து, அடுக்கியபடி இருவரும் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். என் கண்ணீர் விழுந்த துணியை மட்டும் அவர் எடுத்துத் தனியே போட்டார். அந்த இரவில்தான் என்னால் மீண்டும் ஜெபிக்க முடிந்தது. அதன் பிறகு ஜெபம் என்னை விடவே இல்லை. மூன்று ஆண்டுகள், ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி எழுதி, ஒரு குழந்தைக்காக மன்றாடினேன்.

மகள் பிறந்தாள். 1952இல் வர்ஜீனியா அப்கார் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறைப்படி, பிறந்த 1ஆம் நிமிடத்திலும் 5ஆம் நிமிடத்திலும் குழந்தைக்கு மதிப்பெண் இடுவோம். நிறம், இதயத் துடிப்பு, தூண்டினால் காட்டும் அசைவு, தசையின் இறுக்கம், மூச்சு ஆகிய ஐந்துக்கும் இரண்டிரண்டாக மொத்தம் 10. என் மகளுக்கு முதல் நிமிடத்தில் 4. நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு அந்தக் கணக்கைப் போட்டவள் நான். இடையிலிருந்த நான்கு நிமிடங்களில் ஜெபித்ததுபோல் அதற்கு முன் என்றுமே ஜெபித்ததில்லை. ஐந்தாம் நிமிடத்தில் அக்கா "எட்டு" என்றார். அந்தச் சொல்லோடு என் ஜெபம் நின்றது.

அடுத்த ஞாயிறுகளில் ஒன்றில், நன்றியாகச் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரை ஆலயத்துப் பெட்டியில் போட்டோம். கடன் தீர்ந்ததாக மனம் கணக்கை முடித்துக்கொண்டது. மகளின் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு எதையோ தேடும்போது அந்த நோட்டுப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டுகளின் பக்கங்கள் நிறைந்திருந்தன. அவள் பிறந்த நாளிலிருந்து ஒரு வரிகூட இல்லை. "உங்களில் ஒருவன் துன்பப்பட்டால் ஜெபம்பண்ணக்கடவன், ஒருவன் மகிழ்ச்சியாயிருந்தால் சங்கீதம் பாடக்கடவன்" என்று யாக்கோபு தம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் இரண்டு கட்டளைகளை ஒரே வசனத்தில் தருகிறார். துன்பம் முதலாவதை நம்மைக் கேட்காமலே செய்ய வைத்துவிடுகிறது. இரண்டாவதை நாமாகத்தான் செய்ய வேண்டும்.

வேலையிலும் நான் அப்படித்தான் இருந்திருக்கிறேன் என்பது பிறகு புரிந்தது. நஞ்சுக்கொடி விழுந்ததும் அடிவயிற்றில் கையை வைத்துப் பார்ப்போம். கர்ப்பப்பை சுருங்கி, கிரிக்கெட் பந்துபோல் கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. தொளதொளவென்று இருந்தால் இரத்தம் நிற்காது. அது 500 மில்லியைத் தாண்டும்போது டாக்டர் முதல் ஆயாம்மா வரை அந்த அறையில் ஜெபிக்காதவர் இல்லை, அவரவர் தெய்வத்தை அவரவர் அழைப்பார்கள். கெட்டியாக இருக்கும் நாட்களில் யாரையும் அழைப்பதில்லை. அடுத்த கேஸ் ஷீட்டை எடுப்போம். அத்தகைய நாட்களே மிகுதி. அதனால் ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டேன். நலமாக முடிந்த ஒவ்வொரு பிரசவத்துக்குப் பின்னும், குழாயடியில் சோப்புப் போட்டுக் கைகழுவும் அந்த ஒரு நிமிட நேரத்தில், "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி, அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்ற 103ஆம் சங்கீத வரியை வாய்க்குள் பாடுவேன். திரைக்கு அப்பால் யார் படுத்திருக்கிறார்கள் என்பது தெரியுமாதலால், சத்தமாகப் பாடியதில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின இரவு. கோரிப்பாளையத்தைச் சுற்றித் தெருவெல்லாம் கூட்டம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்திக்குக் குழந்தை இறந்து பிறந்தது. கணவர் கூட்டத்தைத் தாண்டி வர முடியாமல் வழியிலேயே நின்றிருந்தார். மூன்று மணிக்குப் பக்கத்துப் படுக்கைக்காரிக்கு ஆண் குழந்தை. "அழகர் எறங்குற அன்னிக்கே எம் பேரன் வந்துட்டான் சிஸ்டர்" என்று பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் அவர் கையைப் பிடித்துச் சிரித்தேன். அந்த மகிழ்ச்சி முழுக்க உண்மையானது. பாட்டியை வராந்தாவுக்கு அழைத்துச் சென்று அங்கே மிட்டாய் கொடுக்கச் சொன்னேன். கைகழுவினேன், பாடினேன். பிறகு காஸ் துணிகளை ஒரு டிரேயில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளின் அருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மடிக்கத் தொடங்கினேன். வெகுநேரம் கழித்து அவள் திரும்பி, ஒரு துண்டை எடுத்து, நான் மடித்ததுபோலவே மடித்து வைத்தாள். காலையில் பொறுப்பேற்க வந்த சிஸ்டரிடம், அவள் கணவர் வந்துசேரும்வரை அந்த ஸ்டூலை எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.