பயாஸ் புதுப்பித்ததும் திரை வராத பழைய கணினி: இதுவரை செய்து பார்த்தது

2014-இல் வந்த 9 சீரிஸ் மதர்போர்டு, நான்காம் தலைமுறை இன்டெல் பிராசசர், அதைவிடப் பழைய கிராபிக்ஸ் கார்டு. இந்தக் கணினியில் என்விஎம்இ டிரைவ் (வேகமான புதுவகை எஸ்எஸ்டி) போட்டு விண்டோஸ் 10-ஐ அதிலிருந்தே பூட் செய்ய ஆசை. இருந்த பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்) என்விஎம்இ தெரியாது. போர்டுக்குக் கடைசியாக வந்த பதிப்பில் அந்த வசதி இருந்ததால் அதை ஏற்ற முடிவு செய்தேன். தொடங்கும் முன் பயாஸின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

ஏற்றும் வேலை சுலபமாகவே முடிந்தது. ஃபேட்32 பென் டிரைவ், பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃபிளாஷ் கருவி, அவ்வளவுதான். மறுபடி ஆன் ஆனபோது விசிறிகள் சுற்றின, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. புதிய பயாஸ் முதல் தடவை ரேமைச் சோதித்துச் சரிசெய்ய நேரம் எடுக்கும் என்பதால் பொறுமையாகக் காத்திருந்தேன். அப்போதும் கருப்புத் திரைதான்.

இந்த இடத்தில் "பயாஸ் போச்சு" என்று முடிவுகட்டி, சிப்பைக் கழற்றி புரோகிராமர் என்ற கருவியில் வைத்து எழுதப் போகிறவர்கள் நிறையப் பேர். அதற்கு முன் கீபோர்டில் நம் லாக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். எனக்கு விளக்கு ஒவ்வொரு அழுத்தலுக்கும் எரிந்து அணைந்தது. அப்படியென்றால் பயாஸ் உயிரோடு இருக்கிறது, கீபோர்டு வரைக்கும் வந்துவிட்டது, படம் மட்டும்தான் வரவில்லை. மின் இணைப்பைப் பிடுங்கி ஜம்பர் வைத்து சிமாஸை (பயாஸ் அமைப்புகள் இருக்கும் நினைவகம்) அழித்தும் மாற்றமில்லை. பிறகுதான் புரிந்தது: அழித்தால் தொழிற்சாலை அமைப்புக்குப் போகும். கோளாறே அந்த அமைப்பில் இருந்தால் எத்தனை முறை அழித்தும் பயன் இல்லை.

கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே செருகினேன். உடனே படம் வந்தது! பயாஸுக்குள் போய்ப் போனில் இருந்த படங்களோடு ஒப்பிட்டதும் காரணம் கண்ணில் பட்டது. முன்பு ஆன் ஆக இருந்த சிஎஸ்எம், புதிய பதிப்பில் இயல்பாகவே ஆஃப். சிஎஸ்எம் என்பது பழைய பயாஸ் முறையை, அதற்குப் பின் வந்த யூஈஎஃப்ஐ முறைக்குள் நடத்திக் காட்டும் பகுதி. அது இல்லாதபோது, திரையில் எழுத கார்டின் ரோமில் ஜிஓபி என்ற சிறு டிரைவர் இருந்தாக வேண்டும். 2012-க்கு முந்தைய கார்டுகள் பெரும்பாலானவற்றில் அது கிடையாது. இப்படிப்பட்ட நல்ல கார்டுகள் "செத்துவிட்டன" என்று தூக்கிப் போடப்படுவது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. சிஎஸ்எம்மை ஆன் செய்து கார்டைத் திரும்ப மாட்டினேன். படம் வந்தது.

அடுத்து நீலத் திரை: இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ். இதற்கும் பதில் போனில் இருந்தது. வட்டுகளை இணைக்கும் சாட்டா பகுதி முன்பு ஐடிஈ என்ற பழைய முறையில் இருந்தது, இப்போது ஏஹெச்சிஐ என்ற புதிய முறை. விண்டோஸ் ஐடிஈ-யில் நிறுவப்பட்டதால் ஏஹெச்சிஐ டிரைவரை பூட் நேரத்தில் எடுப்பதில்லை. பழையபடி ஐடிஈ-க்கே போய்விடலாம்தான். ஆனால் அதில் என்சிகியூ (வட்டு பல கோரிக்கைகளை வரிசைப்படுத்திச் செய்யும் வசதி) கிடைக்காது, எனக்கு அது வேண்டும். அதனால் தற்காலிகமாக ஐடிஈ-க்கு மாற்றி விண்டோஸுக்குள் போனேன். எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட்டை டிக் செய்தேன். மறுதொடக்கத்தின்போது நேராக பயாஸுக்குள் நுழைந்து ஏஹெச்சிஐ வைத்தேன். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு வேண்டிய டிரைவரைத் தானே எடுத்துக்கொண்டது. அப்புறம் அந்த டிக்கை எடுத்துவிட்டேன். மறுபடி நிறுவவே தேவைப்படவில்லை.

மறுநாள் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தது. பிரவுசரில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை. இதைப் புதிய பயாஸின் தலையில் கட்டத் தோன்றும், ஆனால் காரணம் வேறு. சிஆர்2032 பேட்டரியை மல்டிமீட்டரில் பார்த்தால் 2.6 வோல்ட், புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். கணினி எப்போதும் பிளக்கில் இருந்தவரை கடிகாரத்துக்கு பவர் சப்ளையின் ஸ்டேண்ட்பை மின்சாரமே போதுமானதாக இருந்தது. நான் மின் இணைப்பைத் துண்டித்து வைத்ததும்தான் பேட்டரியின் பலவீனம் வெளியே தெரிந்தது. புதிய பேட்டரி போட்டபின் நேரம் சரியாக நிற்கிறது.

மற்றவை சின்ன வேலைகள். 1866 வேக ரேம் 1333-இல் ஓடியது, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்தேன். மெய்நிகர் கணினிக்கான விடி-எக்ஸும் அணைந்திருந்தது, அதையும் ஆன் செய்தாயிற்று.

இனி உண்மையான வேலை. என்விஎம்இ டிரைவ் பயாஸில் தெரிகிறது. அதைச் செருகும் இந்த போர்டின் எம்.2 இடம் 10 கிகாபிட் வேகம் மட்டுமே தரும், இருந்தாலும் சாட்டாவின் 6-ஐ விட அதிகம். என்விஎம்இ-யிலிருந்து பூட் ஆக யூஈஎஃப்ஐ முறையும் ஜிபிடி (வட்டைப் பகுதிகளாகப் பிரிக்கும் புதிய முறை) வட்டும் வேண்டும். என் பழைய வட்டோ எம்பிஆர் என்ற பழைய முறை. விண்டோஸ் 10-இல் 1703 பதிப்பிலிருந்து வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை முதலில் சோதனை முறையில் மட்டும் ஓட்டினேன், பிழை எதுவும் காட்டவில்லை. சிஎஸ்எம் ஆன் ஆக இருக்கும்போதே யூஈஎஃப்ஐ பூட்டும் நடக்கும் என்பதால் பழைய கார்டை மாற்ற வேண்டியதில்லை. வட்டை முழுவதுமாக பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் ஜிபிடி-க்கு மாற்றி, பழைய வட்டிலிருந்தே யூஈஎஃப்ஐ-யில் பூட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு புதிய டிரைவுக்கு நகலெடுக்கப் போகிறேன்.