தளர்த்தச் சொல்லித் தரும் வேலை

பெங்களூரில் கர்ப்பிணிகளுக்குப் பிசியோதெரபி பார்க்கிறேன் என்று ஊரில் சொன்னால், "அதுக்கெல்லாமா பிசியோ?" என்பார்கள். முட்டி தேய்ந்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் போகிற இடம் என்றுதான் நினைப்பு. இங்கே மகப்பேறு டாக்டரே எழுதி அனுப்புகிறார், ஐடி கம்பெனிப் பெண்கள் யூடியூபைப் பார்த்துவிட்டுத் தாங்களாகவே வருகிறார்கள், அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராம்புரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் 'தமிழ் பேசுற மேடம் இருக்காங்களாம்' என்று விசாரித்துக்கொண்டு வருகிறார்கள். கூடவே அம்மா வருவார், இல்லையென்றால் மாமியார்.

முக்கால்வாசிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "நார்மல் டெலிவரி ஆகணும், அதுக்கு எக்ஸர்சைஸ் சொல்லிக் கொடுங்க." நான் சொல்லும் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை. குழந்தையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, வலி எடுத்த பிறகு குழந்தையின் இதயத்துடிப்பு எப்படிப் போகிறது, இவை எதுவும் என் கையிலும் இல்லை, அவர்கள் கையிலும் இல்லை. சிசேரியன் ஆனால் நீங்கள் ஒழுங்காகக் குந்தி எழாததுதான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயிற்சி செய்தால் இடுப்புவலி குறையும், தும்மும்போது சிறுநீர் கசிவது குறையும், வலி வரும் நேரத்தில் எப்படி உட்கார்ந்தால் தாங்க முடியும் என்று உடம்புக்குப் பழகியிருக்கும், வயிற்றைக் கிழித்து எடுத்தாலும் கட்டிலைவிட்டு எப்படி எழுவது என்று தெரிந்திருக்கும். இவ்வளவுக்குத்தான் நான் பொறுப்பு.

முன்னால் இருக்கும் இடுப்பெலும்பு மூட்டிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை தூளி கட்டினாற்போல ஒரு தசைக்கூட்டம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. இதை இறுக்கி இறுக்கி விடுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த கீகல் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் இதைப் பற்றி எழுதினார், பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்துபோன தசையை மறுபடி தேற்றுவதற்காக. கர்ப்ப காலத்திலும் செய்யலாம், நல்லதுதான். ஆனால் குழந்தை வெளியே வரும்போது அதே தசை இறுகாமல் விரிந்து வழிவிட வேண்டும். இறுக்குவதற்கு நாள் முழுக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் 'இப்போ விடுங்க' என்று சொன்னால் முழிக்கிறார்கள்.

ஒரு மென்பொருள் பொறியாளர், ஏழாம் மாதம். மாரத்தஹள்ளிப் பக்கம் ஆபீஸ், வழியில் சில்க் போர்டு ஜங்ஷன். அந்த டிராஃபிக்கைத் தெரிந்தவர்களுக்கு மேலே விளக்க வேண்டாம். போகவும் வரவும் சிறுநீரை அடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாராம், மீட்டிங் வந்தால் அங்கேயும் அதே கதை. அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, அடியில் சுருட்டிய துண்டை வைத்து, மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்தத் துண்டின் மேல் என்ன உணர்கிறீர்கள் என்று கேட்டேன். மூச்சு உள்ளே போகும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானம் என்ற தசை கீழே இறங்கும், கூடவே அடியில் உள்ள தசையும் கொஞ்சம் இறங்க வேண்டும். இவருக்குத் தோள்தான் மேலே ஏறியது. தாடை இறுகியிருந்தது. சரி, பஸ் ஓட்டும் குழந்தை மாதிரி உதட்டை 'ப்ர்ர்ர்' என்று ஊதுங்கள் என்றேன். மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா, "இதுக்கா காசு கட்டினோம்?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டார். மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்த பிறகு தோளும் தாடையும் இறங்கின, அப்புறம்தான் மூச்சு கீழே போனது.

வாரத்தில் ஒரு நாள் ஒரு இலவச மருத்துவமனையில் உட்காருவேன். அங்கே வந்த கிருஷ்ணகிரிப் பெண் கட்டட வேலை செய்பவர். 'குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சா சுகப்பிரசவம்' என்று அவரிடம் யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும், அவர் நாள் பூரா வேறு என்ன செய்கிறார்? சைட்டில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை, "சாயங்காலம் வரைக்கும் தாங்கிக்குவேன் டாக்டரம்மா" என்றார். ஏசி ஆபீஸ் பெண்ணுக்கும் இவருக்கும் இதில் வித்தியாசமே இல்லை, அடக்கி அடக்கி இருவருக்கும் அடியில் ஒரே இறுக்கம். இவருக்கு நான் எந்தப் பயிற்சியும் தரவில்லை. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுப்பது, முழங்கால்களைச் சேர்த்துவைத்துப் புரண்டு எழுவது, சுமை தூக்குவதை எப்படி மறுப்பது, முக்கியமாகத் தண்ணீர் குடிப்பது, இவ்வளவுதான் பேசினோம். சிறுநீர்த் தொற்று கர்ப்பத்தில் சாதாரண விஷயம் இல்லை, குறைப்பிரசவம் வரைக்கும் கொண்டுபோய் விடலாம்.

முதல் பிரசவத்துக்கு வருகிறவர்களிடம் 35ஆம் வாரம் போல அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஒன்று பேசுவேன். பிறப்புறுப்புக்குக் கீழே உள்ள தசையை எண்ணெய் தொட்டு விரலால் மெதுவாக இழுத்துப் பழக்குவது. தையல் போடும் அளவுக்குக் கிழிவது இதனால் குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. இதை யாரும் வீட்டில் பேசுவதில்லை, முகத்தைச் சுளிக்கிறவர்களை நான் வற்புறுத்துவதும் இல்லை. நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ, ரத்தம் பட்டிருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ இந்தப் பேச்சே கிடையாது, நேராக டாக்டரிடம்தான்.

கணவர்கள் வந்தால் அவர்களுக்கும் வேலை உண்டு. வலி வரும்போது முதுகின் அடியில், பிட்டத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து நன்றாக அழுத்த வேண்டும். பெரும்பாலானவர்கள் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவதுபோலத் தொடுகிறார்கள், "இன்னும், இன்னும்" என்று மனைவிதான் கத்த வேண்டியிருக்கிறது. பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாம், பெண் தனக்கு வசதியான நிலையில் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018லேயே பரிந்துரைத்துவிட்டது. ஆனால் மல்லாக்கப் படுக்கவைக்கும் பழக்கம் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. அதனால் நடப்பது, நின்றபடி சாய்ந்துகொள்வது எல்லாம் சொல்லிக்கொடுத்தாலும், கட்டிலில் படுத்தபடியே செய்யக்கூடிய ஒருக்களித்த நிலையைத்தான் அதிகம் பழக்குகிறேன். மருத்துவமனையில் எதற்கெல்லாம் விடுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளவும் சொல்கிறேன்.

எங்கள் கிளினிக் வாசலில் 'நார்மல் டெலிவரி பேக்கேஜ்' என்று ஒரு போர்டு இருந்தது. நான் சண்டை போட்டு அதை எடுக்கவைத்தேன், இப்போது 'கர்ப்பகாலப் பயிற்சி' என்று மாற்றியிருக்கிறார்கள். ரிசப்ஷனில் இருக்கும் பெண் மட்டும் போனில் இன்னும் 'நார்மல் டெலிவரி கிளாஸ்' என்றுதான் சொல்கிறாள், அப்படிச் சொன்னால்தான் ஆட்கள் வருகிறார்களாம். முதல் நாள் உட்காரவைத்து அதை நான் திருத்த வேண்டியிருக்கிறது, சிலர் அதோடு திரும்பி வருவதும் இல்லை.