45+3ஐ 48 என்று எழுதியதால் பறிபோகவிருந்த வெற்றி

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் நாங்கள் வென்ற உதைபந்தாட்டப் போட்டியின் முடிவு, போட்டி அறிக்கையில் இருந்த ஓர் எண்ணால் பறிபோகவிருந்தது. வெளிநாட்டு வீரர்களைச் சேர்த்துக்கொள்ளும் மற்றக் கழகங்களுக்கும் இந்த அலைச்சல் நேரக்கூடாது என்பதற்காக, எங்கள் கழகத்தின் முகாமையாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

வீரர் பதிவும் கடவுச்சீட்டுப் பிரதிகளும் சிக்கலின்றி முடிந்தன. ஒரே நேரத்தில் மூன்று வெளிநாட்டவர் மட்டுமே களத்தில் இருக்கலாம் என்பது சுற்றுப்போட்டியின் விதி. ஆசியக் கழகப் போட்டிகளில் 2009 முதல் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த 3+1 விதியில் மூன்று வெளிநாட்டவரோடு ஓர் ஆசிய நாட்டவருக்கும் தனி இடம் இருந்தது; அப்படியொரு இடம் இங்கு இல்லை. முதற்பாதியின் மேலதிக நேரத்தில், 45+3இல், அதாவது 45 நிமிடம் முடிந்தபின் வந்த மூன்றாவது நிமிடத்தில், காயமடைந்த எங்கள் நைஜீரிய வீரர் வெளியேற, உள்ளூர் வீரர் ஒருவர் இறங்கினார். 46ஆவது நிமிடத்தில் இன்னோர் உள்ளூர் வீரருக்குப் பதிலாக எங்கள் நான்காவது வெளிநாட்டவரை இறக்கினோம். பதிவாளரோ முதல் மாற்றத்தை 48 என்று எழுதியிருந்தார். அதனால் தாளில் மட்டும் நான்கு வெளிநாட்டவர் ஒன்றாக ஆடியிருந்தார்கள். எதிரணி உடனே முறைப்பாடு கொடுத்தது.

"நாப்பத்தஞ்சும் மூண்டும் நாப்பத்தெட்டுத்தானே தம்பி?" என்று சுற்றுப்போட்டி அலுவலகத்தில் கேட்டார்கள். 48 என்றால் இரண்டாம் பாதியின் மூன்றாவது நிமிடம் என்பதை விளக்கியதும், மேலதிக நேரத்தை அறிவிக்கும் பலகை இரண்டு நிமிடம்தானே காட்டியது, மூன்றாவது நிமிடம் எங்கிருந்து வந்தது என்றார்கள். பலகை காட்டுவது குறைந்தபட்ச நேரமே என்றும், நடுவர் அதைக் கூட்டலாமே தவிரக் குறைக்க முடியாது என்றும் கூறும் உதைபந்தாட்டச் சட்டத்தின் 7ஆம் விதியை அச்செடுத்துக் காட்டிய பிறகு, நடுவரின் கடிதம் வேண்டும் என்றார்கள். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நடுவரைத் தேடி அக்கரைப்பற்றுக்குப் பஸ் ஏறிப் போனால், அவர் வேறொரு போட்டிக்காகக் கல்முனைக்குப் போயிருந்தார். தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொள்ளாமல் யாரும் போக வேண்டாம்.

பிறகு நடுவரைச் சந்தித்தபோது, அவருடைய குறிப்பேட்டில் 45+3 என்று தெளிவாக இருந்தது. அதன் பிரதியோடு கடிதமும் தந்தார். முறைப்பாடு தள்ளுபடியானது.

அறிக்கையில் கையொப்பமிடும் முன் ஒவ்வொரு மாற்றமும் எந்தப் பாதியில் நடந்தது என்று பார்த்து, அதைப் படமெடுத்து வையுங்கள். வெளிநாட்டவர் இறங்கியதையும் வெளியேறியதையும் தனித்தாளில் நீங்களே குறியுங்கள். எங்கள் வெற்றிக் கோலும் 94 என்றே பதிவாகியிருந்தது. வெளியேற்றச் சுற்றில் அது, 90 நிமிடமும் சமநிலையில் முடிந்தால் ஆடப்படும் கூடுதல் அரைமணி நேரத்தில் விழுந்த கோல் என்றாகிவிடும் என்பதால், நடுவரின் சுருக்கொப்பத்துடன் அதையும் 90+4 என்று திருத்திக்கொண்டே வந்தேன்.