கை ரெண்டும் பீடியில, காது மட்டும் ரேடியோவுல

போன மாசம் எங்கம்மா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தா, நாலு நிமிஷம். பேசுனது என்னமோ அரை நிமிஷந்தான், பக்கத்து வீட்டு மயினிக்கு காய்ச்சல், முருங்கையில கம்பளிப்புழு ஏறிட்டு, நீ சாப்ட்டியாட்டின்னு. அதுக்குப் பொறவு நிறுத்த மறந்துட்டா போல, மீதி பூரா கத்திரிச் சத்தம். பீடி இலை வெட்டுற சத்தம். நடுவுல ஒரு இருமல், தூரத்துல ஒரு பஸ் ஹாரன், மறுபடி கத்திரி. சென்னையில ரூம்ல படுத்துக்கிட்டு நாலு நிமிஷத்தயும் முழுசா கேட்டேன். கேட்டு முடிக்கவும்தான், இத எழுதணும்னு தோணுச்சு.

எங்க ஊரு திருநெல்வேலிச் சீமையில முக்கூடல் பக்கம். முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம்னு இந்தப் பக்கம் எந்தத் தெருவுக்குள்ள போனாலும் தார்சாவுல, அதான் வீட்டு முன் திண்ணையில, நாலு பொம்பளைங்க மடியில சொளவ, அதான் முறத்த, வச்சு பீடி சுத்திக்கிட்டு இருப்பாங்க. வெளியூர்க்காரங்களுக்கு இந்த வேலை எப்படின்னு தெரியாது, அதனால கொஞ்சம் சொல்லிடுதேன். இலைய ஊற வச்சு, ஈரத்துணியில சுத்தி வச்சு, அளவுத் தகட்ட மேல வச்சு அளவா வெட்டி, புகையிலைத் தூளப் போட்டு உருட்டி, நூலச் சுத்தி, முனைய மடக்கி, இருபத்தஞ்சு இருபத்தஞ்சா கட்டணும். ஒரு நாளைக்கு ஆயிரம் சுத்துனாதான் கணக்கு சரியா வரும். கை ஒரு நிமிஷம் நிக்காது. கண்ணு பாதி நேரம் இலை மேல இருக்கணும், ஓட்டை இலையா, நல்ல இலையான்னு பாக்கணும்லா. வாய் பேசலாம், ஆனா எவ்வளவு நேரந்தான் பேச. சும்மா கெடக்கிறது காது ஒண்ணுதான்.

அதனால எங்க ஊர்ல ரேடியோ, டிவி, போன்னு எது வந்தாலும் இந்தப் பொம்பளைங்க காது வழியாத்தான் உள்ள வந்துச்சுன்னு நான் நினைக்கேன்.

காலேஜ்ல படிக்கும்போது ஒரு விஷயம் தெரிஞ்சுக்கிட்டேன், அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. கியூபாவுல சுருட்டுத் தொழிற்சாலையில வேலை செய்யுதவங்களுக்கு ஒருத்தர் உயரமா ஒரு மேடையில உக்காந்து பேப்பரும் கதைப் புத்தகமும் சத்தமா வாசிப்பாராம், 1865-ல ஹவானாவுல தொடங்குன பழக்கம். வாசிக்கிறவருக்குக் கூலிய தொழிலாளிங்களே கைக்காசப் போட்டுக் குடுத்திருக்காங்க. அவ்வளவு தூரம் எதுக்கு, இங்கன கேரளாவுல கண்ணூர் பக்கம் பீடித் தொழிலாளிங்களும் இதேதான் செஞ்சிருக்காங்க. 1969-ல ஆரம்பிச்ச தினேஷ் பீடி கூட்டுறவு சங்கத்துல இது பேர் போன விஷயம், ஒருத்தர் பேப்பர் வாசிப்பார், அவர் சுத்த வேண்டிய பீடிய மத்தவங்க பங்கு போட்டு சுத்திக் குடுத்துருவாங்க. அப்படிக் கேட்டுக் கேட்டே அரசியல் படிச்ச கூட்டம் அது.

இதப் படிச்சதும் எங்கம்மாதான் கண்ணு முன்னால வந்தா. அங்க ஒரே கொட்டகையில பத்து நூறு பேர் சேர்ந்து உக்காந்து வேலை. இங்க அவங்கவங்க வீட்டு வாசல்ல, பொம்பளைங்க, தனித்தனியா, இல்லன்னா ரெண்டு மூணு பேரா. வாசிச்சுச் சொல்ல ஆள் வைக்கிறதுக்கு வழியே கிடையாது. அந்த இடத்துல எங்க பொம்பளைங்களுக்கு ரேடியோதான் வந்து உக்காந்துச்சு.

எங்க ஆச்சி வீட்டு ரேடியோ பெரிய மரப்பெட்டி மாதிரி இருக்கும், அதுக்கு லைசென்ஸ் வேற உண்டு, போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி புத்தகத்துல ஸ்டாம்ப் ஒட்டி வாங்கணும்னு அம்மா சொல்லுவா. பாளையங்கோட்டையில திருநெல்வேலி வானொலி 1963 டிசம்பர் 1-ல ஆரம்பிச்சாங்க. மீடியம் வேவ்ல 1197-ல முள்ள நிறுத்துனா வயலும் வாழ்வும், நாடகம், செய்தி எல்லாம் வரும். ஆனா ஆச்சிக்கு உசுரு கொழும்புதான். இலங்கை வானொலிய எங்க பக்கம் யாரும் அப்படிச் சொன்னதே இல்ல, 'கொழும்பு வை'ன்னுதான் சொல்லுவாங்க. மீடியம் வேவ் நிலத்த விட உப்புத் தண்ணி மேல தூரமா, பலமா போகும். நடுவுல கிடக்கிறது மன்னார் வளைகுடா, அதனாலதான் மெட்ராஸ விட கொழும்பு எங்களுக்குத் தெளிவா கேட்டுச்சு. காலையில பொங்கும் பூம்புனல்னு பாட்டு நிகழ்ச்சி. மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீதுன்னு அங்க உள்ள அறிவிப்பாளருங்க குரல எல்லாம் சொந்தக்காரங்க குரல் மாதிரி ஆச்சிக்கும் அம்மாவுக்கும் தெரியும். ஒருத்தரயும் நேர்ல பாத்தது கிடையாது, போட்டோவுல கூட பாத்தது கிடையாது.

பிறந்தநாள் வாழ்த்துன்னு ஒண்ணு வரும். யாழ்ப்பாணத்துல இருக்கிற அம்மம்மா, வவுனியாவுல இருக்கிற பெரியப்பா, கொட்டாஞ்சேனை மாமின்னு யாரோ ஒரு பிள்ளைக்கு வாழ்த்துற சொந்தக்காரங்க பேரா அடுக்கிக்கிட்டே போவாங்க. ஆச்சி கைய நிறுத்தாம அதக் கேப்பாளாம். 'ஏட்டி, இந்தப் பிள்ளைக்கு எத்தனை மாமன் பாத்தியா'ன்னு சொல்லுவாளாம். தென்காசியத் தாண்டாத பொம்பளை அவ. 83-ல அங்க கலவரம் வந்து ஜனங்களக் கொல்லுதாங்கன்னு செய்தி வந்தப்போ சோறு தின்னாம ரெண்டு நாள் கிடந்தாளாம். அம்மாவுக்கு அப்பம் பதிமூணு வயசு, அவளும் சொளவோட உக்காந்திருக்கா. 'அந்த மாமி வீடெல்லாம் என்னாச்சோ, அந்தப் பிள்ளையெல்லாம் என்னாச்சோ'ன்னு ஆச்சி சொல்லிச் சொல்லி அழுதத அம்மா இப்பவும் சொல்லுவா. முகம் தெரியாத ஊருக்காக ஒரு பீடி சுத்துற பொம்பளை அழுதான்னா, அது அந்த ரேடியோ அவளுக்குக் குடுத்த சொந்தம். எனக்கு இதுல ரொம்பப் பெருமை.

டிவி கதைய சுருக்கமாச் சொல்லிடலாம். 2006-க்குப் பொறவு அரசாங்கம் இலவசமா கலர் டிவி குடுத்துச்சு, எங்க தெருவுல எல்லார் வீட்டுக்கும் வந்துட்டு. ஆனா டிவிக்குக் கண்ணு வேணும், கண்ண குடுத்தா இலை வீணாப்போகும், பீடி வாங்குற கடையில கழிவுன்னு தள்ளிருவாங்க. அதுக்கு எங்கம்மா ஒரு வழி கண்டுபிடிச்சா. டிவிக்கு முதுக காட்டி வெளிச்சத்தப் பாத்து உக்காந்துக்கிடுவா. சீரியல் வசனத்த மட்டும் கேப்பா, பின்னால மியூசிக் தடதடன்னு மாறுச்சுன்னா தலையத் திருப்பி ஒரு பார்வை, மறுபடி இலை. பல வருஷம் ஓடுன சீரியல் கதைய எல்லாம் அவ ஒண்ணுவிடாம சொல்லுவா, ஆனா அந்த நடிகைய ரோட்டுல பாத்தா அடையாளம் தெரியாது. டிவியயும் ரேடியோவா ஆக்கிட்டா. தெருவுல எல்லா வீட்லயும் ஒரே சீரியல், அதனால சத்தம் ஒரு வீட்ல இருந்து அடுத்த வீட்டுக்கு அப்படியே தொடர்ந்து வரும், நான் டியூஷன் முடிஞ்சு நடந்து வந்தா ஒரு வசனம் கூட விடாம கேட்டுக்கிட்டே வீடு சேருவேன்.

எல்லாம் மாறுனது போன் வந்த பொறவுதான். 2016-ல ஜியோ வந்து நெட்டு மலிஞ்சுச்சுல்லா, அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு நான்தான் முதல் சம்பளத்துல அம்மாவுக்கு டச் போன் வாங்கிக் குடுத்தேன். வில்லுப்பாட்டு போட்டுக் குடுத்தேன். சுடலைமாடன் கதை, முத்தாரம்மன் கதை, கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு தடவ மட்டும் கேட்ட பாட்ட இப்பம் நெனச்ச நேரம் கேக்கலாம்னு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். போன சொளவு ஓரத்துல சாச்சு வச்சுக்கிடுவா.

அங்கதான் பிரச்சனை. கையெல்லாம் புகையிலைத் தூள். அந்தக் கையால போனத் தொட்டா கண்ணாடி பூரா அப்பிக்கிடும், விரலும் சரியா பதியாது. அதனால ஒரு வில்லுப்பாட்டு முடிஞ்சா அடுத்து என்ன தானா வருதோ அதத்தான் கேக்கணும். முதல்ல இன்னொரு வில்லுப்பாட்டு வரும், அப்புறம் ஏதோ கோயில் வரலாறு, அப்புறம் ஜோசியம், சாயங்காலம் ஆகும்போது யாரோ ஒரு ஆள் சர்க்கரை வியாதிய ஒரே இலையில ஒழிக்கலாம்னு கத்திக்கிட்டு இருப்பான். 'நீ மாத்த வேண்டியதுதானம்மா'ன்னா, 'சவம் அது பாட்டுக்கு பேசுது, நான் எங்கட்டி கையக் கழுவிட்டு வந்து மாத்த'ம்பா. அது பாட்டுக்குப் பேசுனத மூணு வாரம் கேட்டுக் கேட்டு, ஒருத்தருக்கும் சொல்லாம சர்க்கரை மாத்திரைய நிறுத்திட்டா. மயக்கம் போட்டு விழுந்து ஆஸ்பத்திரியில சேத்த பொறவுதான் எங்களுக்கே தெரியும். சுகர் நானூறுக்கு மேல.

எனக்கு அந்த நாள்ல இருந்து மனசுல கிடக்கிறது இதுதான். கண்ணூர்ல வாசிச்சவர அந்தத் தொழிலாளிங்க அவங்களே வச்சுக்கிட்டாங்க, தப்பா வாசிச்சா எழும்பிக் கேட்டிருப்பாங்க. கொழும்பு அறிவிப்பாளருக்கு ஒரு பேர் இருந்துச்சு, ஒரு லெட்டர் போடலாம். இப்பம் எங்கம்மா காதுல பேசுறது யாரு, அடுத்து இது வரட்டும்னு முடிவு பண்ணுனது யாருன்னு அவளுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் திறந்து கிடக்கிற காது அது. இன்னொண்ணு, முந்தி தப்பா ஒண்ணு கேட்டாலும் தார்சாவுல கூட மூணு பேர் கேட்டாங்க, அதுல ஒரு மயினி 'போட்டி, அப்படியெல்லாம் இருக்காது'ன்னு சொல்லிருப்பா. இப்பம் ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு இயர்போன், நாலு பேரு ஒரே தார்சாவுல உக்காந்து நாலு வேற வேற உலகத்தக் கேக்குதாங்க.

அதுக்காக போனத் தூக்கிப் போட்டுறணும்னு நான் சொல்லல. எங்கம்மா அஞ்சாப்பு வரைக்கும்தான் படிச்சிருக்கா, ஒரு வரி எழுத அரை மணி நேரம் ஆகும். எங்க அப்பா பம்பாயில வேலை பாத்தப்போ அவ போட்ட லெட்டர் எல்லாம் தெருவுல படிச்ச பிள்ளைங்கள வச்சு எழுதுனது, இன்னொருத்தி வாயால சொல்ல முடியாதத எல்லாம் அவ மனசுலயே வச்சு புதைச்சிருக்கா. இன்னைக்கு அந்த வாய்ஸ் மெசேஜ்ல யாரும் நடுவுல இல்லாம எங்கிட்ட பேசுதா. 2023 டிசம்பர் வெள்ளத்துல, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சே அப்போ, தாமிரபரணி ஊருக்குள்ள வந்து கரண்டும் டவரும் ரெண்டு நாளு கிடையாது. மூணாவது நாள் காலையில வந்த முதல் மெசேஜ், 'ஏட்டி நான் நல்லாருக்கேன், தூளு பூரா நனைஞ்சு போச்சு'ன்னு பதினோரு செகண்ட். அத இன்னும் அழிக்காம வச்சிருக்கேன்.

இந்தப் பொங்கலுக்குப் போகும்போது திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில பேட்டரி ரேடியோ ஒண்ணு வாங்கிட்டுப் போனேன், மீடியம் வேவ் எடுக்குற மாதிரி கேட்டு வாங்குனேன். தார்சாவுல வச்சு முள்ளத் திருப்புனா ஒரே இரைச்சல். அம்மா முகம் வாடிட்டு. அப்புறம்தான் பாத்தேன், பக்கத்துல போன் சார்ஜர் ஓடிக்கிட்டு கிடக்கு, எல்இடி பல்பும் எரியுது, அதுங்கதான் மீடியம் வேவ்வக் கெடுக்கும். ரெண்டயும் நிறுத்தவும் திருநெல்வேலி ஸ்டேஷன் தெளிஞ்சு வந்துச்சு. அம்மா தூள் படாத புறங்கையால ரேடியோவ கொஞ்சம் நகட்டி வச்சா.

'இதுல கொழும்பு எடுக்குமாட்டி?'ன்னு கேட்டா.

ராத்திரி பாப்போம்மான்னேன். அதுக்குள்ள மதில் சுவருக்கு அங்கிட்டு இருந்து மயினி குரல்: 'யாரு வீட்ல ரேடியோ? சத்தத்தக் கொஞ்சம் கூட்டு.'